பிங்கோ இரவும் நமது டிக்கட் புத்தகமும்



கொஞ்சம் நீண்ட பதிவு. கடைசி வரை வாசியுங்கள். அதற்குப் பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

சென்ற வாரம் முழுவதும் நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரே படம்தான் சுற்றியது. கடற்கரைப் பக்கத்து உல்லாச விடுதி ஒன்றின் விளம்பரம். சனிக்கிழமை இரவு பிங்கோ பார்ட்டி. வயது வந்தோருக்கு மட்டும், 21க்கு மேல். நுழைவுக் கட்டணத்துக்குள் இரவுச் சாப்பாடு, இசை, நடனம். பிங்கோ அட்டை ஒன்று 500 ரூபா. முதல் பரிசு, இருவருக்கு இரண்டு இரவு இலவசத் தங்கல்.

படத்துக்குக் கீழே நம்மவர்கள் எழுதியதையும் பார்த்தோம். ஊர் அழியப் போகிறது என்றார் ஒருவர். பள்ளிவாசல் நிருவாகம் தூங்குகிறதா என்றார் இன்னொருவர். அங்கு வேலை செய்கிற நம்மூர்ப் பொடியன்மார் யார் யார், பெயரைப் போடுங்கள் என்றார் மூன்றாமவர். அரை மணித்தியாலத்துக்குள் நான்கு பெயர்கள் வந்துவிட்டன. வாப்பாவின் பெயர், வீட்டு ஒழுங்கை எல்லாம் சேர்த்து.

அந்த நால்வரில் ஒருவன் எம்மிடம் படித்தவன்.

மறுநாள் அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தான். கதிரையில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டான். "சேர், போன மாசம் நடந்த பார்ட்டியில நம்பர் வாசிச்சது நான்தான். எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும் எண்டு மனேஜர் மைக்கைத் தந்தார். காசுல கை வைக்கல்ல, குடிக்கல்ல, ஆடல்ல. நம்பர் மட்டும்தான் வாசிச்சன். அதுவும் ஹராமா சேர்? உம்மா நேத்தையில இருந்து சோறு தின்னல்ல."

அவனுக்கு அந்த இடத்தில் உடனே பதில் சொல்ல எம்மால் முடியவில்லை. அதற்கான காரணத்தைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறோம்.

முதலில் பிங்கோ என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு பேசுவோம். "வயது வந்தோருக்கு மட்டும்" என்ற வார்த்தையைக் கண்டதும் நம்மில் பலர் பழைய தியேட்டர் போஸ்டரை நினைத்துக்கொண்டார்கள். அது அப்படியல்ல. மதுபானம் பரிமாறுகிறார்கள், இரவு வெகுநேரம் போகும், மைக்கில் கொச்சையான பகிடிகளும் வரும். அதனால் பிள்ளைகளை விடுவதில்லை. நம் நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பது சட்டப்படி குற்றம் என்பதும் ஒரு காரணம்.

விளையாட்டு மிக எளிது. அட்டையில் மூன்று வரிசை, ஒன்பது நிரல், மொத்தம் 27 கட்டங்கள். அவற்றில் 15இல் மட்டும் இலக்கங்கள் இருக்கும், வரிசைக்கு ஐந்து. ஒன்று முதல் 90 வரையான இலக்கங்களை ஒருவர் குலுக்கி எடுத்து வாசிப்பார். உங்கள் அட்டையில் இருந்தால் வெட்டிக்கொள்வீர்கள். ஒரு வரிசையை முதலில் வெட்டியவருக்குச் சிறிய பரிசு, அட்டை முழுவதையும் முதலில் வெட்டியவருக்குப் பெரிய பரிசு. திறமை ஒன்றும் தேவையில்லை. பேராசிரியரும் பாலர் பாடசாலைப் பிள்ளையும் உட்கார்ந்தால் இருவருக்கும் வாய்ப்பு ஒன்றுதான்.

இதன் வேர் இத்தாலியின் பழைய லொத்தர் விளையாட்டில் இருக்கிறது. பிரித்தானிய இராணுவத்தினர் இதை ஹவுஸி என்று விளையாடினார்கள். இந்தியாவில் தம்போலா என்பார்கள். பிரித்தானியாவில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிங்கோ மண்டபங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. ஆள் குறைந்த சினிமாத் தியேட்டர்கள் பல பிங்கோ மண்டபங்களாக மாறின. கடற்கரை விடுமுறை முகாம்களிலும் அது வழக்கமான பொழுதுபோக்கானது. நீண்ட காலம் அது வயதான பெண்களின் விளையாட்டாகவே பார்க்கப்பட்டது. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில்தான் உரத்த இசை, மின்விளக்கு, நடனம், மது எல்லாவற்றையும் சேர்த்து இளைஞர்களுக்கான பார்ட்டியாக மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பாணிதான் இப்போது நமது கரைக்கும் வந்திருக்கிறது.

அட்டையில் இலக்கத்தை வெட்டுவது பாவமா? இல்லை. நாமே ஆறாம் தரத்தில் பெருக்கல் வாய்ப்பாட்டை இப்படித்தான் படிப்பிக்கிறோம். எட்டை ஏழால் பெருக்கு என்போம், பிள்ளைகள் 56ஐத் தேடி வெட்டுவார்கள். முதலில் முடித்த பிள்ளைக்கு ஒரு பேனை. எவரும் காசு கட்டவில்லை, எவரும் எதையும் இழக்கவில்லை. பிரச்சினை அட்டையில் இல்லை, அட்டைக்குக் கட்டுகிற 500 ரூபாவில் இருக்கிறது.

கணித ஆசிரியர் என்ற முறையில் ஒரு கணக்கு. உதாரணத்துக்கு 100 அட்டைகள் விற்றால் 50,000 ரூபா. பரிசுகளுக்கு 30,000 போனால் விடுதிக்கு 20,000. ஆக 500 ரூபா அட்டை ஒன்றின் சராசரிப் பெறுமதி 300 ரூபாதான். அட்டையை வாங்கிய அந்த நிமிடமே 200 ரூபா போய்விட்டது. நான்கு அட்டை வாங்கினால் வெல்லும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று சந்தோஷப்படுவோம். நட்டமும் நான்கு மடங்கு. ஒருவர் கையில் பரிசு வரும்போது அது தொண்ணூற்றுச் சொச்சம் பேரின் பையிலிருந்து வந்த காசு. எவரும் எதையும் விளைவிக்கவில்லை, எவரும் எவருக்கும் எதையும் விற்கவில்லை. இதற்குத்தான் சூது என்று பெயர்.

மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்பதை நாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மதுவையும் சூதையும் ஒரே மூச்சில் விலக்குகிறது அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம். பகையும் வெறுப்பும் வளரும், இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் மனிதன் தடுக்கப்படுவான் என்று அடுத்த வசனம் காரணத்தையும் சொல்கிறது. ஆகவே அந்த விடுதி இரவு நமது பிள்ளைகளுக்கு உரிய இடமல்ல. இதில் எமக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனத்தையும் நிதானமாக ஓதிப் பாருங்கள். மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை அது மறுக்கவில்லை. பயனைவிடப் பாவம் பெரிது என்கிறது. அது என்ன பயன்?

தப்ஸீர்களில் ஒரு விளக்கம் வருகிறது. அறியாமைக் கால அரபிகள் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைப்பார்கள். பெயரிட்ட அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். அம்பு வந்தவருக்குப் பங்கு, வராதவர் ஒட்டகத்தின் விலையைக் கட்ட வேண்டும். வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாம் வைத்துக்கொள்ளாமல் ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். அதைப் பெருமையாகவும் பேசுவார்கள். பஞ்ச காலத்தில் அந்த இறைச்சியால் பசியாறிய வீடுகளும் இருந்திருக்கும். அந்தச் சூதைத்தான் அல்லாஹ் ஹராமாக்கினான். ஏழைக்குக் கொடுத்தோம் என்ற நியாயம் அதைக் காப்பாற்றவில்லை.

இந்த இடத்தில்தான் நமது தொண்டை அடைக்கிறது.

நமது ஊரில் கடந்த சில வருடங்களில் எத்தனை சீட்டிழுப்புகள் நடந்தன? விளையாட்டுக் கழகத்தின் மைதான விளக்குக்கு ஒன்று. பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு ஒன்று. நமது பாடசாலைக் கட்டடத்துக்கு ஒன்று. டிக்கட் ஒன்று 100 ரூபா, முதல் பரிசு மோட்டார் சைக்கிள், இரண்டாம் பரிசு குளிர்சாதனப் பெட்டி, மூன்றாம் பரிசு சமையல் அடுப்பு. அங்கே இலக்கத்தைப் பந்திலிருந்து எடுக்கிறார்கள், நாம் அடிக்கட்டையை வாளிக்குள் போட்டுக் குலுக்கினோம். அவர்கள் டீஜே வைத்தார்கள், நாம் கிராஅத் ஓதி ஆரம்பித்தோம். காசு கட்டியவர்களில் ஒருவருக்குப் பரிசு, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்ற கணக்கில் ஏதாவது வித்தியாசம் இருந்ததா?

"அது நல்ல காரியத்துக்குத்தானே" என்பீர்கள். ஒட்டக இறைச்சியும் நல்ல காரியத்துக்குத்தான் போனது.

"டிக்கட் வாங்கியவர்கள் நன்கொடை என்று நினைத்துத்தான் வாங்கினார்கள்" என்பீர்கள். அப்படியானால் மோட்டார் சைக்கிள் படத்தை ஏன் அச்சடித்தோம்?

இதில் எமது பங்கையும் மறைக்காமல் எழுத வேண்டும். பாடசாலைச் சீட்டிழுப்பின்போது வகுப்புக்கு வகுப்பு டிக்கட் புத்தகங்களைப் பங்கிட்டவர்களில் நாமும் ஒருவர். புத்தகத்துக்கு 20 டிக்கட். விற்க முடியாவிட்டால் திருப்பித் தரலாம் என்றுதான் சொன்னோம். ஆனால் எந்த வகுப்பு அதிகம் விற்கிறது என்று காலைக் கூட்டத்தில் பெயர் வாசித்தோம்.

எட்டாம் தரத்தில் ஒரு பிள்ளை. வாப்பா கூலிக்கு மீன் ஏற்றப் போகிறவர். அந்த ஒழுங்கையில் 100 ரூபா டிக்கட் வாங்கக் கூடியவர்கள் அதிகம் பேர் இல்லை. புத்தகம் முழுவதையும் விற்றதாகச் சொல்லி 2,000 ரூபாவைக் கொண்டுவந்து தந்தான். கைதட்டச் சொன்னோம். ஒரு மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவனது உம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். எட்டு டிக்கட் விற்கவேயில்லையாம். கொப்பிக்கும் சப்பாத்துக்கும் சேர்த்துவைத்த காசில் 800 ரூபாவை எடுத்துப் போட்டிருக்கிறான். "சேர்மாருக்கு முன்னால வெக்கமா இருந்தாம் சேர்" என்றார். பரிசு ஒன்றும் அவனுக்கு விழவில்லை.

விடுதியில் அட்டை வாங்குகிறவர்கள் வசதியானவர்கள். விரும்பி வந்து, விரும்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் பிள்ளைகளை உள்ளே விடுவதுமில்லை. நாம் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுத்து வீதியில் அனுப்பினோம். எது பெரிய தவறு என்று அந்த உம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எமக்குத் தைரியம் இல்லை.

இன்னுமொன்று. பிங்கோ இரவுக்கு நம்மூரிலிருந்து எத்தனை பேர் போவார்கள்? விரல் விட்டு எண்ணலாம். ஆனால் கிரிக்கெட் ஆட்டம் நடக்கிற இரவில் எத்தனை வீட்டு மொட்டைமாடிகளில் போனைப் பிடித்தபடி பந்தயம் கட்டுகிறார்கள்? அதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை, வாசலில் வயது கேட்கிற காவலாளி இல்லை. வகுப்பில் நாம் கேட்காமலே பிள்ளைகள் பந்தய விகிதம் பேசுகிறார்கள். தசமம் புரியாத பிள்ளைக்கு அது மட்டும் புரிகிறது. 2025இல் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகார சபைச் சட்டத்தை நிறைவேற்றியது, இணையவழிச் சூதும் அதற்குள் வருகிறது. ஆனால் நமது வீட்டு மொட்டைமாடிக்கு எந்த அதிகார சபையும் ஏறி வரப் போவதில்லை. வாப்பாமார்தான் ஏற வேண்டும்.

இப்போது அந்தப் பொடியனிடம் வருவோம்.

அவன் ஏன் விடுதிக்குப் போனான்? ஏ.எல். முடித்தான், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. 2022 நெருக்கடியில் வாப்பாவின் சிறிய கடை மூடப்பட்டது, கடன் மிஞ்சியது. ராத்தாவுக்குத் திருமணம் பேச வேண்டும். நம்மூர்க் கடைகளில் வேலை கேட்டான். நாளைக்கு இவ்வளவுதான் என்று சொன்ன தொகையில் பஸ் காசும் தேநீரும் போனால் மிச்சமில்லை. விடுதியில் அடிப்படைச் சம்பளத்தோடு சேவைக் கட்டணத்திலும் பங்கு கிடைக்கிறது. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு கிழக்குக் கரையில் விடுதிகள் எழும்பியபோது வேலை வருகிறது என்று சந்தோஷப்பட்டவர்கள் நாம். 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகும், 2020 கொரோனாவிலும் அவை வெறிச்சோடியபோது நம்மூர்ப் பொடியன்மார் எத்தனை பேர் வேலை இழந்து வீட்டில் இருந்தார்கள் என்பதையும் மறந்திருக்க மாட்டோம். அப்போது அந்த நான்கு பெயர்களையும் எவரும் குழுமத்தில் போடவில்லை. போட்டிருந்தால் உதவி போயிருக்கும்.

மூன்றாவது நாள் அவனை வரச் சொல்லி, எமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். "மகன், நாம் பத்வா சொல்கிறவர்கள் இல்லை. சம்பளத்தைப் பற்றியும் சேவைக் கட்டணத்தைப் பற்றியும் மௌலவியிடம் போய் விபரமாகக் கேள். ஆனால் அந்த மைக்கை இனிப் பிடிக்காதே. வா சூதாடுவோம் என்று ஆளை அழைப்பதற்கே தர்மம் கொடுத்துப் பரிகாரம் தேடச் சொல்கிற மார்க்கம் நம்முடையது. மைக்கில் நீ அழைக்கிறாய்." தலையை ஆட்டினான். "மனேஜரிடம் நீயே பேசு. சண்டை பிடிக்காதே, காரணத்தைச் சொல்லு" என்றோம்.

பேசியிருக்கிறான். மனேஜர் சிங்களச் சகோதரர். "இதை முதலே சொல்லியிருக்கலாமே மல்லி" என்று மட்டும் சொல்லிவிட்டு, சனிக்கிழமை இரவிலிருந்து காலைச் சாப்பாட்டு வேலைக்கு மாற்றிக் கொடுத்தாராம். நாம் குழுமத்தில் ஐந்நூறு வரி எழுதி ஆகாத காரியம் ஐந்து நிமிடப் பேச்சில் ஆனது. எல்லா மனேஜரும் இப்படி இருப்பார்கள் என்று சொல்லவில்லை. கேட்டுப் பார்க்காமலே எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

இனி நாம் செய்யக் கூடியவை என்று எமக்குப் படுபவை:

1. பெயர் போட்ட பதிவுகளைப் போட்டவர்களே அழித்துவிட்டு, அந்த நான்கு வீடுகளுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறர் குறையைத் தேடித் திரிவதும் தடுக்கப்பட்டதுதான்.

2. பள்ளிவாசல் நிருவாகம் விடுதிகளுக்குக் கடிதம் எழுதட்டும். மிரட்டலாக அல்ல. எமது பிள்ளைகளை மது பரிமாறவும் சூது நடத்தவும் நிறுத்தாமல் வேறு வேலையில் போடுங்கள், தொழுகைக்கு நேரம் கொடுங்கள் என்று கேட்கலாம். நல்ல வேலைகாரர்களை இழக்க எந்த விடுதியும் விரும்பாது.

3. அந்தக் கடிதத்தில் கையொப்பமிட முன்னர், பாடசாலை, கழகம், சங்கம் மூன்றும் இனிக் காசுக்கு டிக்கட் விற்றுச் சீட்டிழுப்பு நடத்துவதில்லை என்று முடிவெடுக்கட்டும். மார்க்கத்தில் எது ஆகும், எது ஆகாது என்ற சந்தேகங்களை உலமாக்களை உட்காரவைத்துக் கேட்டுத் தீர்த்துக்கொள்வோம்.

4. விடுதி வேலையை விட விரும்புகிற பொடியனுக்கு ஸகாத் நிதியிலிருந்தோ வட்டியில்லாக் கடனாகவோ ஒரு வழி இருக்க வேண்டும். வழியைக் காட்டாமல் வாசலை மட்டும் அடைப்பது இலேசான வேலை.

5. ஆசிரியர்களாகிய நாம் ஒன்பதாம், பத்தாம் தரங்களில் நிகழ்தகவு படிப்பிக்கும்போது தாயக்கட்டையோடு நிறுத்தாமல், லொத்தரிலும் பந்தயத்திலும் காசு எப்படிப் போகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுவோம். ஹராம் என்று சொன்னதைக் கேட்காத சில பிள்ளைகள் கணக்கைக் கேட்கிறார்கள். இது எமது அனுபவம்.

கட்டடம் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். கீழ்த்தளத்துக்குக் கூரை இன்னும் இல்லை என்பது எமக்குத் தெரியும், மழை வந்தால் அதற்குள் நிற்கிறவர்கள் நாம்தான். அதிபருடன் பேசிவிட்டோம். பழைய டிக்கட் புத்தகத்தைப் போலவே இந்தத் தவணை ஒரு புத்தகம் அச்சடிக்கிறோம். ஒரு தாள் 100 ரூபா. மோட்டார் சைக்கிள் படம் இல்லை, குலுக்கல் இல்லை, பரிசு இல்லை. "ஸதகா" என்று மட்டும் இருக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டோம், ஆசிரியர்களும் பெற்றோரும்தான் எடுத்து வருவோம். எவ்வளவு சேரும் என்று தெரியாது. சீட்டிழுப்பில் சேர்ந்ததில் பாதி சேர்ந்தாலும் போதும் என்றிருக்கிறோம்.

அந்த எட்டாம் தரப் பிள்ளை இப்போது ஒன்பதில் இருக்கிறான். அவனது 800 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தோம். முதலில் வாங்க மறுத்தான், பிறகு வாங்கிக்கொண்டான். நமது பாடசாலையில் அப்படி எத்தனை பிள்ளைகள் சொல்லாமல் போட்டிருப்பார்கள் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் தயவுசெய்து எமக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர் வெளியே வராது, காசு வீட்டுக்கு வரும்.

அல்லாஹ் நமது உழைப்பையும் நமது பிள்ளைகளின் உழைப்பையும் ஹலாலாக்கித் தருவானாக.

வஸ்ஸலாம்.